வேலைப்பளுவுக்கு நடுவே நல்ல சாப்பாடு: உணவுத் திட்டச் சேவையைப் பயன்படுத்தும் முறை

வேலை நெருக்கடி மிகுந்த நாள்களில் சாப்பாடு சீர்கெடுவதற்குக் காரணம் பெரும்பாலும் அறியாமை இல்லை. காய்கறி அதிகம் சேர்க்க வேண்டும், பொரித்ததையும் இனிப்பையும் அளவோடு நிறுத்த வேண்டும் என்பது எல்லாருக்கும் தெரிந்த செய்திதான். ஆனால் மாலையில் களைத்து வீடு திரும்பிய பிறகு, வீட்டில் என்ன இருக்கிறது, அதை வைத்து என்ன செய்யலாம், எவ்வளவு நேரமாகும் என்ற கேள்விகளை ஒரே நேரத்தில் எதிர்கொள்ளும்போது, கைப்பேசியை எடுத்து வெளியிலிருந்து வரவழைப்பதே எளிதாகிவிடுகிறது. உணவுத் திட்டச் சேவை செய்வதெல்லாம் இந்தக் கேள்விகளை முன்கூட்டியே, மனம் தெளிவாக இருக்கும் ஒரு நேரத்தில் முடித்து வைப்பதுதான். அதற்கு மேல் எதையும் எதிர்பார்க்காமல் சேர்வது நல்லது.

எந்த வகைச் சேவை உங்களுக்குப் பொருந்தும்

இந்தப் பெயரில் மூன்று வெவ்வேறு ஏற்பாடுகள் புழக்கத்தில் இருக்கின்றன. முதல் வகை, வாரத்துக்கான உணவுப் பட்டியலையும் செய்முறைகளையும் வாங்க வேண்டிய பொருள்களின் பட்டியலையும் மட்டும் தரும் செயலி அல்லது இணையதளம். வாங்குவதும் சமைப்பதும் உங்கள் பொறுப்பு. இரண்டாம் வகை, 2007ஆம் ஆண்டு வாக்கில் ஸ்வீடனில் தொடங்கிப் பிற நாடுகளுக்குப் பரவியது: தேர்ந்தெடுத்த உணவுகளுக்கு வேண்டிய பொருள்களை அளந்து பொட்டலமிட்டுப் பெட்டியில் அனுப்பிவிடுவார்கள், நீங்கள் நறுக்கிச் சமைத்தால் போதும். மூன்றாம் வகையில் சமைத்த உணவே வந்துவிடும்; சூடாக்குவது மட்டுமே மிச்சம்.

விளம்பரத்தைப் பார்த்து இவற்றில் ஒன்றைத் தேர்ந்தெடுப்பதைவிட, உங்கள் வாரம் எந்த இடத்தில் முறிகிறது என்று பார்த்துத் தேர்ந்தெடுப்பதே சரி. ஒரு வாரம் மட்டும், திட்டமிட்டபடி வீட்டில் சாப்பிட முடியாமல்போன ஒவ்வொரு வேளைக்கும் காரணத்தை ஒரே வரியில் குறித்து வையுங்கள். 'என்ன செய்வதென்று தெரியவில்லை' என்பது திரும்பத் திரும்ப வந்தால் முதல் வகையே போதும். அதற்கு மேல் செலவழிக்கத் தேவையில்லை. 'வீட்டில் எதுவும் இல்லை' என்பதே வந்தால், பொருள் பெட்டியோ, பட்டியலை நேரடியாக இணைய மளிகைக் கடைக்கு அனுப்பும் வசதியுள்ள செயலியோ பயன்படும். 'அடுப்படியில் நிற்கத் தெம்பில்லை' என்று வந்தால், எவ்வளவு அழகான செய்முறையும் உதவாது. அந்த நாள்களுக்குச் சமைத்த உணவுதான் வழி. ஒருவருக்கே இரண்டு காரணங்கள் இருப்பதும் இயல்பு. அப்படிப்பட்டவர்கள் பெரும்பாலான நாள்களுக்குச் செயலியையும், மிகக் கடுமையான ஓரிரு நாள்களுக்குச் சமைத்த உணவையும் வைத்துக்கொள்ளலாம். ஒரே நிறுவனத்திடம் எல்லா வேளைகளையும் ஒப்படைக்க வேண்டும் என்ற கட்டாயம் எதுவுமில்லை.

சேர்வதற்கு முன் ஒரு சோதனை செய்து பார்ப்பது பயன் தரும். அந்தச் சேவையின் செய்முறைகளில் ஒன்றை எடுத்து, அதில் போட்டிருக்கும் நேரத்தை நம்பாமல், பொருள் பட்டியலை வரி வரியாகப் படியுங்கள். 'பொடியாக நறுக்கிய வெங்காயம் 2', 'துருவிய கேரட் 3', 'வேகவைத்த பருப்பு ஒரு கிண்ணம்' என்று இருந்தால், நறுக்குவதும் துருவுவதும் வேகவைப்பதும் செய்முறையின் முதல் படிக்கு முன்பே முடிந்துவிட்டதாகக் கணக்கிட்டிருக்கிறார்கள் என்று பொருள். 'முப்பது நிமிடம்' என்று போட்ட உணவு பலருக்கு ஐம்பது நிமிடமாவது இதனால்தான். பொருள் பட்டியலில் 'வெங்காயம் 2' என்று மட்டும் எழுதிவிட்டு, நறுக்குவதைச் செய்முறைக்குள் ஒரு படியாகச் சேர்த்திருக்கும் சேவையின் நேரக் கணக்கு கூடுதலாக நம்பத் தக்கது.

முதல் நாளில் கொடுக்கும் விவரங்கள்

சேவையில் சேர்ந்ததும் கேட்கப்படும் கேள்விகளை அவசரமாகத் தட்டிவிட்டுப் போவது பலரின் வழக்கம். அந்த நேரத்தில் கொடுக்கும் விவரங்களை வைத்தே ஒவ்வொரு வாரத்தின் பட்டியலும் உருவாகிறது என்பதால், அதற்குப் பதினைந்து நிமிடம் ஒதுக்குவது தகும். எத்தனை பேர் சாப்பிடுகிறார்கள், அவர்களில் எத்தனை பேர் குழந்தைகள், எந்த உணவு ஒவ்வாது, எது பிடிக்காது, வார நாளில் சமைக்க அதிகபட்சம் எத்தனை நிமிடம் கிடைக்கும், என்னென்ன கருவிகள் வீட்டில் இருக்கின்றன என்பதெல்லாம் உண்மையாக இருக்க வேண்டும். பிடிக்காதவற்றைச் சொல்லத் தயங்கக் கூடாது. உடம்புக்கு நல்லது என்பதற்காக விருப்பமில்லாத காய்கறியைப் பட்டியலில் விட்டுவைத்தால், அது சமைக்கப்படாமல் ஃபிரிட்ஜின் அடித்தட்டில் வாடிக் குப்பைக்குப் போகும்.

கலோரி இலக்கைக் கேட்கும் சேவைகளில் கூடுதல் கவனம் தேவை. உயரம், எடை, வயது, பாலினம் ஆகியவற்றைக் கொண்டு, உடல் ஓய்வில் செலவிடும் ஆற்றலைக் கணக்கிட்டு, அதை உங்கள் உடலுழைப்பு அளவுக்கேற்ற ஓர் எண்ணால் பெருக்குவதே இவற்றில் பொதுவான முறை. 1990இல் வெளியான மிஃப்ளின்–செயின்ட் ஜோர் சமன்பாடு இதற்குப் பரவலாகப் பயன்படுத்தப்படுகிறது. சமன்பாட்டில் பெரிய குறையில்லை. தவறு நடப்பது உழைப்பின் அளவைத் தேர்ந்தெடுக்கும் இடத்தில். ஒருவருக்கு ஓய்வுநிலைக் கணக்கு 1,400 கலோரி என்று வைத்துக்கொள்வோம். 'லேசான உழைப்பு' என்றால் அது 1.375ஆல் பெருக்கப்பட்டு 1,925 ஆகும். 'மிதமான உழைப்பு' என்றால் 1.55ஆல் பெருக்கப்பட்டு 2,170 ஆகும். ஒரு சொல்லைத் தட்டியதில் நாளொன்றுக்கு 245 கலோரி கூடிவிடுகிறது. நாள் முழுவதும் நாற்காலியில் அமர்ந்து வேலை பார்த்துவிட்டு, வாரத்தில் இரண்டு மூன்று நாள் நடைப்பயிற்சி செல்பவர்கள் தங்களை 'லேசான உழைப்பு' வகையில் வைத்துக்கொள்வதே பாதுகாப்பானது. எடையைக் குறைப்பதோ கூட்டுவதோ நோக்கமில்லை என்றால், கலோரி இலக்கையே அணைத்து வைத்துவிட்டு, உணவின் தரத்தை மட்டும் கவனிப்பதில் எந்தக் குறையும் இல்லை. என் கருத்தில் பெரும்பாலானவர்களுக்கு அதுவே நிம்மதியான வழி.

வாரத்தைத் திட்டமிடுதல்

பட்டியலைத் திறப்பதற்கு முன் நாட்காட்டியைத் திறக்க வேண்டும். எந்த நாளில் கூட்டம் நீளும், எந்த நாளில் பிள்ளைகளை எங்காவது அழைத்துச் செல்ல வேண்டும், எந்த நாளில் வெளியே சாப்பிடப் போகிறீர்கள் என்பதைப் பார்த்துவிட்டு, ஏழு இரவுகளையும் மூன்றாகப் பிரியுங்கள்: சமைக்க நேரம் உள்ளவை, இருபது நிமிடத்துக்கு மேல் கிடைக்காதவை, சமைக்கவே முடியாதவை. அதற்குப் பிறகுதான் உணவுகளைத் தேர்ந்தெடுக்க வேண்டும். சேவைகள் பலவும் ஏழு நாளுக்கு ஏழு புதிய உணவுகளை வரிசையாக அடுக்கித் தரும். பார்க்க அழகாக இருக்கும், ஆனால் வேலைக்குப் போகும் எந்த வீட்டிலும் அது மூன்றாம் நாளைத் தாண்டுவது கடினம்.

ஏழு இரவுகளில் நான்கை மட்டும் திட்டமிடுவதே நடைமுறைக்கு ஒத்தது. அந்த நான்கில் இரண்டு, வீட்டில் அனைவருக்கும் பழகிய, செய்முறையைப் பார்க்காமலேயே செய்யக்கூடிய உணவுகளாக இருக்கட்டும்; ஒன்று, இரட்டிப்பு அளவில் சமைத்து மறுநாளுக்கும் எடுத்து வைக்கக்கூடியதாக இருக்கட்டும்; புதிய உணவு வாரத்துக்கு ஒன்று போதும், அதையும் நேரமுள்ள நாளில் வையுங்கள். மீதமிருக்கும் மூன்று இரவுகளில் ஒன்றை முந்தைய நாளின் மிச்சம் நிரப்பும், ஒன்றை ஃப்ரீசரில் இருப்பது நிரப்பும், இன்னொன்று எதிர்பாராமல் வருவதற்காகக் காலியாக இருக்கும். காலியாக விட்ட இரவில் எதுவும் நேராவிட்டால் முட்டையும் காய்கறியும் பத்து நிமிடத்தில் ஒரு சாப்பாடாகிவிடும்.

காலை உணவுக்கும் மதிய உணவுக்கும் இவ்வளவு யோசனை வேண்டாம். இரண்டு மூன்று வகைகளை முடிவுசெய்து, மாற்றி மாற்றி வைத்துக்கொண்டாலே போதும்.

உணவுகளைத் தேர்ந்தெடுக்கும்போது அவற்றின் பொருள்கள் ஒன்றோடொன்று பொருந்துகின்றனவா என்றும் பார்க்க வேண்டும். ஒரு செய்முறைக்கு அரைக் கட்டுக் கீரை வேண்டும் என்றால், மீதி அரைக் கட்டு எந்த உணவில் சேரும் என்ற கேள்விக்கு அதே வாரத்தில் விடை இருக்க வேண்டும். பொருள்களைப் பகிர்ந்துகொள்ளும் உணவுகளைச் சேர்த்துக் காட்டும் வசதி சில செயலிகளில் உண்டு. இல்லாவிட்டால் வாங்கும் பட்டியலைப் பார்த்தாலே தெரிந்துவிடும், ஒரே ஒரு உணவுக்காக மட்டும் வாங்கப்படும் பொருள்கள் ஐந்தாறுக்கு மேல் இருந்தால் அந்த வாரத்தின் தேர்வை மாற்றுவது நல்லது. சீக்கிரம் வாடும் கீரை, காளான், மீன் ஆகியவற்றை வாரத்தின் முதல் இரண்டு மூன்று நாள்களிலும், தாக்குப்பிடிக்கும் முட்டைக்கோஸ், கேரட், பூசணி, பயறு வகைகளை வாரக் கடைசியிலும் வையுங்கள். உறைநிலையில் விற்கப்படும் பட்டாணி, பீன்ஸ், கீரை போன்றவற்றைத் தாழ்வாக நினைக்கத் தேவையில்லை. பறித்த சிறிது நேரத்தில் உறைய வைக்கப்படுவதால் அவற்றின் சத்து பெருமளவு அப்படியே இருக்கும், நறுக்கும் வேலையும் மிச்சம்.

வாங்கும் பட்டியல் கைக்கு வந்ததும் அதை எடுத்துக்கொண்டு சமையலறைக்குள் ஒரு சுற்றுப் போய்வர வேண்டும். செயலிக்கு உங்கள் அலமாரியில் என்ன இருக்கிறது என்று தெரியாது. நான்காவது மிளகுத்தூள் பாக்கெட் வீட்டுக்குள் நுழைவது இந்த ஐந்து நிமிடச் சுற்றைத் தவிர்ப்பதால்தான்.

திட்டம் உண்மையிலேயே ஆரோக்கியமானதா

'ஆரோக்கியம்', 'சமச்சீர்', 'லேசானது' போன்ற முத்திரைகளை நிறுவனங்கள் தாங்களே ஒட்டிக்கொள்ளலாம் என்பதால், அவற்றைத் தாண்டி எண்களைப் பார்க்கும் பழக்கம் வேண்டும். உலக சுகாதார நிறுவனம் பெரியவர்களுக்குச் சொல்லும் அளவுகோல்கள் சில நினைவில் இருந்தால் போதும்: நாளொன்றுக்குக் குறைந்தது 400 கிராம் காய்கறிகளும் பழங்களும், குறைந்தது 25 கிராம் நார்ச்சத்து, 5 கிராமுக்குக் குறைவான உப்பு, மொத்தக் கலோரியில் 10 விழுக்காட்டுக்குக் குறைவான சர்க்கரை. இந்தச் சர்க்கரைக் கணக்கில் முழுப் பழங்களிலும் பாலிலும் இயல்பாக இருப்பது சேராது. உணவில் சேர்க்கப்படுவதும், தேன், பழச்சாறு போன்றவற்றில் இருப்பதும்தான் சேரும். 2,000 கலோரி உண்பவருக்கு அது 50 கிராம். புரதத்தைப் பொறுத்தவரை, உடல்நலமுள்ள பெரியவருக்கு உடல் எடையில் ஒரு கிலோவுக்கு 0.83 கிராம் என்பது பாதுகாப்பான குறைந்த அளவாகக் கொள்ளப்படுகிறது. 60 கிலோ எடையுள்ளவருக்கு ஏறத்தாழ 50 கிராம். எண்களே பிடிக்காதவர்களுக்குத் தட்டை வைத்துப் பார்க்கும் வழி இருக்கிறது. தட்டில் பாதி காய்கறியும் பழமும், கால் பாகம் முழுத் தானியம், கால் பாகம் பயறு, முட்டை, மீன் போன்ற புரத உணவு என்று இருக்கிறதா என்று செய்முறையின் படத்தைப் பார்த்தே ஓரளவு சொல்லிவிடலாம்.

சமைத்த உணவை வாங்குபவர்கள் முதலில் பார்க்க வேண்டியது உப்பு. பொட்டலத்தில் பெரும்பாலும் 'சோடியம்' என்றே போட்டிருக்கும், அதை 2.5ஆல் பெருக்கினால்தான் உப்பின் அளவு கிடைக்கும். 920 மில்லிகிராம் சோடியம் என்று அச்சிட்ட ஓர் உணவில் 2.3 கிராம் உப்பு இருக்கிறது. மதியமும் இரவும் அப்படிப்பட்ட உணவையே சாப்பிட்டால் 4.6 கிராம், காலை உணவும் நொறுக்குத்தீனியும் சேர்ந்தால் வரம்பு தாண்டிவிடும். அடுத்தது, அந்த எண் எதற்குரியது என்பது. ஒரே ஆள் ஒரே வேளையில் தின்று முடிக்கும் பொட்டலத்தின் மேல் 'இரண்டு பரிமாறல்கள்' என்று சிறிய எழுத்தில் இருந்தால், எல்லா எண்களையும் இரட்டிப்பாக்கிக்கொள்ள வேண்டும்.

தானே சமைத்துச் செயலியில் பதிவு செய்பவர்களைக் குழப்புவது வேறொன்று. 100 கிராம் பச்சை அரிசியில் சுமார் 360 கலோரி இருக்கும். அதையே சோறாக்கி 100 கிராம் எடுத்தால் சுமார் 130தான். சோற்றை எடைபோட்டுவிட்டு அரிசியின் பெயரைத் தேர்ந்தெடுத்தால் கணக்கு கிட்டத்தட்ட மூன்று மடங்காகும். மாற்றிச் செய்தால் மூன்றில் ஒன்றாகும். பாஸ்தா, பருப்பு, ஓட்ஸ் எல்லாவற்றுக்கும் இது பொருந்தும். பட்டியலில் 'சமைத்தது', 'சமைக்காதது' என்ற சொல்லைப் பார்க்காமல் எதையும் தட்டக் கூடாது.

மொத்தமாகச் சமைத்து வைக்கும்போது

விடுமுறை நாளில் ஏழு நாளுக்கும் சமைத்து, ஏழு டப்பாக்களில் அடைத்து ஃபிரிட்ஜில் வரிசையாக வைத்திருக்கும் படங்களைப் பார்த்து மயங்க வேண்டாம். சமைத்த உணவு ஃபிரிட்ஜில் மூன்று அல்லது நான்கு நாள்தான் பாதுகாப்பாக இருக்கும். அதற்குப் பிறகு உண்ண வேண்டியதைச் சமைத்த அன்றே ஃப்ரீசருக்கு மாற்றிவிட வேண்டும். நோய்க்கிருமிகள் வேகமாகப் பெருகும் வெப்பநிலை 5 முதல் 60 டிகிரி செல்சியஸ் வரை என்பதால், சமைத்ததை இரண்டு மணி நேரத்துக்கு மேல் அறை வெப்பநிலையில் விட்டுவைக்கக் கூடாது. ஃபிரிட்ஜ் 5 டிகிரிக்குக் கீழும், ஃப்ரீசர் மைனஸ் 18 டிகிரியிலும் இருக்க வேண்டும். பெரிய பாத்திரத்தோடு உள்ளே வைத்தால் நடுப்பகுதி ஆற நெடுநேரமாகும். உயரம் குறைந்த, அகலமான டப்பாக்களில் பிரித்து வைத்தால் சீக்கிரம் ஆறும்.

சோற்றுக்கு இந்த விதி இன்னும் கண்டிப்பானது. அரிசியில் இருக்கக்கூடிய பேசில்லஸ் சீரியஸ் என்ற நுண்ணுயிரின் வித்துகள் கொதிநீரிலும் அழியாமல் தப்பிவிடுகின்றன. சோறு வெளியே கிடக்கும்போது அவை முளைத்துப் பெருகி நச்சைச் சுரக்கின்றன. அந்த நச்சு மறுபடி சூடாக்கினாலும் போகாது. ஆகவே சோற்றை ஆக்கிய ஒரு மணி நேரத்துக்குள் ஆற்றிக் குளிரில் வைத்து, மறுநாளுக்குள் தீர்த்துவிடுவது நல்லது. எந்த உணவையும் மறுபடி சூடாக்கும்போது உள்ளே 70 டிகிரிக்கு மேல் போகும்படி ஆவி பறக்கச் சூடாக்க வேண்டும். மைக்ரோவேவில் ஓரம் கொதித்து நடுவில் குளிர்ந்திருப்பது வழக்கம் என்பதால், பாதியில் நிறுத்திக் கிளறிவிட்டுத் தொடருங்கள். டப்பாவின் மேல் உணவின் பெயரும் சமைத்த தேதியும் எழுதிய ஒரு துண்டு டேப்பை ஒட்டும் வழக்கம் அற்பமாகத் தோன்றினாலும், ஃப்ரீசரில் அடையாளம் தெரியாத பழுப்புக் கட்டிகள் சேராமல் காப்பது அதுதான்.

நோயும் மருந்தும் உள்ளவர்கள்

செயலியில் இருக்கும் 'நீரிழிவு', 'சிறுநீரகம்' போன்ற வடிகட்டிகளை மருத்துவ ஆலோசனைக்கு ஈடாகக் கொள்ளக் கூடாது. இன்சுலின் போட்டுக்கொள்பவர்களுக்கு ஒவ்வொரு வேளையின் மாவுச்சத்து அளவும் முக்கியம். சிறுநீரக நோய் உள்ளவர்களுக்கு, பிறருக்கு நன்மை செய்யும் பழமும் பயறும் கீரையும்கூடப் பொட்டாசியம் காரணமாகத் தீங்காகலாம். வார்ஃபரின் என்ற இரத்தக்கட்டுத் தடுப்பு மருந்து உண்பவர்கள், வைட்டமின் கே நிறைந்த கீரைகளின் அளவை வாரத்துக்கு வாரம் திடீரென்று கூட்டவோ குறைக்கவோ கூடாது. புதிய உணவுத் திட்டம் செய்யும் முதல் வேலையே அதுவாக இருக்கக்கூடும். இவர்களும் கருவுற்றிருப்பவர்களும் திட்டத்தின் ஒரு வாரப் பட்டியலை மருத்துவரிடமோ உணவியல் நிபுணரிடமோ காட்டிவிட்டுத் தொடங்க வேண்டும். கடுமையான ஒவ்வாமை உள்ளவர்கள், வடிகட்டியைப் போட்டிருந்தாலும் ஒவ்வொரு செய்முறையின் பொருள் பட்டியலையும் முழுமையாகப் படிக்க வேண்டும். பயனர்களே செய்முறைகளை ஏற்றும் தளங்களில் வடிகட்டி தவறவிடுவது உண்டு. சமைத்த உணவு என்றால், ஒவ்வாத பொருளும் அதே சமையற்கூடத்தில் கையாளப்படுகிறதா என்று கேட்டறிய வேண்டும்.

சந்தாவும் அதை நிறுத்துவதும்

இலவசச் சோதனைக் காலம் முடிந்ததும் கட்டணம் தானாகவே பிடிக்கப்படுவது இந்தத் துறையில் பொது நடைமுறை. சேர்ந்த அன்றே, சோதனைக் காலம் முடிவதற்கு இரண்டு நாள் முன்னதாகக் கைப்பேசியில் ஒரு நினைவூட்டலை வைத்துவிடுங்கள். பெட்டியாகவோ சமைத்தோ அனுப்பும் சேவைகளில், வேண்டாத வாரத்தைத் தவிர்ப்பதற்கு ஒரு கடைசி நாள் இருக்கும். அது பெட்டி வருவதற்குப் பல நாள் முன்பே முடிந்துவிடும். பயணம் போகும் வாரத்தில் வாசலில் பெட்டி கிடந்து கெடுவது அந்தத் தேதியைக் கவனிக்காததால்தான். அறிமுகத் தள்ளுபடியை வைத்துக் கணக்குப் போடாமல், தள்ளுபடி முடிந்த பிறகு ஒரு வேளைக்கு, அனுப்பும் கட்டணமும் சேர்த்து, எவ்வளவு ஆகிறது என்று பாருங்கள். அதை நீங்கள் வீட்டில் சமைக்கும் செலவோடு ஒப்பிட்டால் எப்போதும் அதிகமாகவே தெரியும். இந்தச் சேவை இல்லாத வாரத்தில் வெளியிலிருந்து வரவழைத்த சாப்பாட்டின் செலவோடு ஒப்பிடுவதுதான் நியாயம்.

ஒரு மாதம் கழித்து, திட்டமிட்ட வேளைகளில் எத்தனை உண்மையிலேயே சாப்பிடப்பட்டன என்று எண்ணிப் பாருங்கள். பாதிக்கும் குறைவாக இருந்தால் சேவையை மாற்றுவதற்கு முன், திட்டமிடும் இரவுகளை நான்கிலிருந்து மூன்றாகக் குறைத்து இன்னும் இரண்டு வாரம் பார்க்கலாம். மாறாக, எல்லாம் நன்றாகப் போய், பத்துப் பதினைந்து உணவுகள் கைப்பழக்கமாகிவிட்டிருந்தால், கட்டணம் கட்டித் தொடர வேண்டிய தேவை குறைந்துவிட்டது என்றே பொருள். நிறுத்தும்போது செயலியைக் கைப்பேசியிலிருந்து அழித்தால் சந்தா நின்றுவிடும் என்று எண்ண வேண்டாம். செயலிக் கடையின் சந்தாப் பகுதிக்கோ நிறுவனத்தின் இணையதளத்துக்கோ சென்று முறைப்படி ரத்துசெய்து, உறுதிப்படுத்தும் மின்னஞ்சல் வந்ததா என்று பார்க்க வேண்டும். கட்டணம் நின்றதும் சேமித்த செய்முறைகள் பூட்டிக்கொள்ளும் சேவைகளும் இருப்பதால், பழகிப்போன அந்த உணவுகளின் அளவுகளை ரத்துசெய்வதற்கு முதல் நாளே ஒரு நோட்டில் எழுதிக்கொள்ளுங்கள்.